கப்பலுக்குக் காட்டிய கை

எங்கள் அத்தை வேம்புவுக்குக் கட்டைவிரலில் ரேகை கிடையாது. உடையார்பாளையத்துப் பக்கம் எங்கள் ஊர், சுற்றிலும் முந்திரிக்காடு. பண்ணை வீட்டுக் களத்தில் சுட்ட முந்திரிக்கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பெடுக்கும் வேலை அவளுக்குப் பத்து வயதிலிருந்து. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்னும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் அது தின்றதுபோக மிச்சம்தான் விரல். மலாயாவுக்குப் போகிற காகிதத்தில் ரேகை வைக்க அரியலூருக்குப் போனபோது, ஆபீஸ்காரர் அவள் விரலை மூன்று தரம் மையில் உருட்டிப் பார்த்தார். மூன்று தரமும் வெறும் மைப்பொட்டுதான் விழுந்தது. வேண்டுமானால் நான் என் விரலை வைக்கட்டுமா என்று கேட்டேன். பொட்டப்புள்ளைக்கு வாயைப் பார் என்று அப்பா என் தலையில் குட்டினார். கடைசியில் அந்த மைப்பொட்டையே ரேகை என்று ஆபீஸ்காரர் ஏற்றுக்கொண்டார்.

அந்தக் காகிதம் அத்தை மாமாவிடம் போய்ச் சேர. மாமா பெயர் கருப்பண்ணன். கல்யாணமாகி எட்டாம் மாதம், சண்டைக்கு முந்தின வருஷம், ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கக் கப்பலேறினார். இரண்டு வருஷத்தில் அத்தையை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை அவள் அண்ணன் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில் இருப்பாள். ஜப்பான்காரன் வந்ததும் கடிதம் நின்றது. நாலு வருஷம் ஒரு வரி இல்லை. சண்டை ஓய்ந்து அங்கிருந்து திரும்பிய ஒருவர், கருப்பண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனதாகவும், போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை என்றும் சொன்னார். மாமா எந்தப் பாதி என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூடித் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அத்தை களத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பொணத்தைக் காட்டுங்க, கழட்டறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையைத் தட்டினாள்.

மாமாவின் முகம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். மறக்காதது ஒன்று உண்டு. வீட்டுக்குள் நுழையுமுன் அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவாராம். தெருவில் எந்தக் கிழவன் செருமினாலும் அத்தையின் கை அப்படியே நின்றுவிடும். நான் சும்மா இருப்பேனா. ஒரு நாள் கொல்லைப் படலுக்குப் பின்னால் நின்று, குரலைத் தடிமனாக்கி இரண்டு தரம் செருமினேன். அத்தை அரிசி களைந்த கையோடு ஓடிவந்து படலைத் திறந்தாள். நான் வைக்கோல் போருக்குள் இருந்தேன். அவள் பாதையின் இரண்டு கோடியையும் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். நான் சாயங்காலம் வரை போரை விட்டு வெளியே வரவில்லை. அந்த விளையாட்டை அதன் பிறகு விளையாடவும் இல்லை.

நாற்பத்தேழாம் வருஷம் மாசியில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். கால் ஒன்று கொஞ்சம் நொண்டும், மற்றபடி சுகம். வர மனமிருந்தால் சித்திரைக் கப்பலில் வரவும். டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். பினாங்குத் துறையில் நிற்பேன். அவ்வளவுதான். அஞ்சு வருஷத்துக்கு இந்த நாலு வார்த்தை. கடைசி வரியை இன்னொரு தரம் வாசி என்றாள் அத்தை. வாசித்தேன். மறுநாளும் வாசித்தேன். அதற்குள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் எழுத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

டிக்கெட்டோடு ஒரு நோட்டீசும் வந்தது. கப்பலேறுமுன் நாகப்பட்டினத்தில் ஒவ்வொருவரையும் டாக்டர் பார்ப்பார்; கண், நாக்கு, கழுத்து எல்லாம் பார்ப்பார்; முக்கியமாகக் கையில் அம்மை குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். குத்தாதவர்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

அத்தையின் கை வழவழவென்று இருந்தது. எங்கள் ஊரில் எல்லார் கையும் அப்படித்தான். அம்மை குத்துபவரின் குடை ஏரிக்கரையில் தெரிந்தாலே பிள்ளைகள் குதிருக்குள் போய்விடும். மாரியாத்தா அவளாக வரவேண்டியவள். அவளை ஊசி முனையில் வைத்து இழுத்துவருவது வம்பை விலைக்கு வாங்குவது என்று எங்கள் சனத்தின் எண்ணம். அகப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. அவர் முதுகைத் திருப்பியதும் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, சாணித் தண்ணீரில் கழுவிவிட்டால் பொங்காது. அவருக்குக் கணக்கில் ஒரு ஆள், நமக்கு வம்பு இல்லை.

அந்த வருஷம்தான் எங்கள் ஊர் அவரை முதல் முறையாக வரச் சொல்லி ஆள் அனுப்பியது. அவர் நம்பாமல்தான் வந்தார். அத்தையின் இடது கையில் நாலு இடத்தில் ஊசியை வைத்துத் திருகி, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் குன்னம் பக்கம் போய்விட்டார். அவர் ஏரிக்கரை தாண்டியதும் என் அம்மா பொன்னாயி, அரை எலுமிச்சம்பழமும் சாணித் தண்ணீருமாக வந்து நின்றாள். கப்பலுக்காகக் குத்தினது அண்ணி, இருக்கட்டும் என்றாள் அத்தை. சீட்டுதான் வாங்கியாச்சே, கப்பல்காரனுக்குச் சீட்டு, உன் கைக்கு நான் பொறுப்பு என்றாள் அம்மா. அன்பாகத்தான் தேய்த்தாள். தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மூட்டை கட்டினோம். அப்போதுதான் நான் சீட்டின் பின்பக்கத்தை வாசித்தேன். குத்தின இடம் பொங்கியிருப்பதை டாக்டர் நேரில் பார்த்தால்தான் செல்லும் என்று அதில் அச்சடித்திருந்தது. அத்தை முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்தாள். கழுவிவைத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அப்பா குன்னத்துக்கு ஓடினார். அம்மை குத்துபவர் அங்கிருந்தும் எங்கோ போய்விட்டார் என்று திரும்பி வந்தார். அம்மா மூலையில் உட்கார்ந்து தன் கையையே திட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு நின்னுக்கிட்டு இருப்பாரே" என்றாள் அத்தை. அது ஒன்றுதான்.

எனக்கு முந்திரி ஞாபகம் வந்தது. என் படிப்பு நின்றதே அதனால்தான். அஞ்சாம் வகுப்புப் பரீட்சைக்குப் பயந்து பச்சை முந்திரிக்கொட்டையின் எண்ணெயைக் காலில் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டேன். மறுநாள் முத்து முத்தாகக் கொப்புளம். வாத்தியார் அம்மை என்று நினைத்து ஒரு மாதம் வரவேண்டாம் என்றார். ஒரு மாதத்தில் பள்ளிக்கூடம் போகும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று. ஒரு வாத்தியாரையே ஏமாற்றின சரக்கு, டாக்டரை ஏமாற்றாதா?

ஊசி திருகிய தடம் நாலும் மங்கலாகத் தெரிந்தது. கருவேல முள்ளில் எண்ணெயைத் தொட்டு அந்த நாலு இடத்திலும் வைக்கப் போனேன். அத்தை கையை இழுத்துக்கொண்டாள்.

"இது பொய்யில்லியாடி?"

"கையிலதான் அத்தை பொய்யி. கப்பலு நெசந்தானே."

அவள் சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு கையை நீட்டினாள்.

அரியலூர் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில், திருச்சியில் வண்டி மாறி நாகப்பட்டினம். அப்பா ராசாங்கம் துணைக்கு. நான் போர்டு வாசிக்க. எங்கள் பெட்டியில் பெரம்பலூர்ப் பக்கத்துக் கலியம்மாள் என்பவள் இரண்டு குழந்தைகளோடு அதே கப்பலுக்கு வந்தாள். சித்திரை வெயில் பெட்டியைச் சுட்டது. அத்தைக்குக் கையில் கொப்புளம் எழும்பிவிட்டது. நான் நினைத்ததைவிட நன்றாகவே எழும்பிவிட்டது. அரிப்பு தாங்காமல் மேலே முந்தானையை வைத்து அழுத்தினாள். அதே முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள், முகத்தைத் துடைத்தாள். களத்திலே இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். அவள் நினைப்பு பெட்டியில் இல்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினபோது கழுத்திலும் கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்து, ஒரு கண் பாதி மூடியிருந்தது. உடம்பு சுட்டது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நீளமான ஒரு கொட்டகை. பெண்கள் தனி வரிசை. ஆயா ஒருத்தி கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினாள், டாக்டர் பார்த்தார். நாக்கு, கழுத்து, கை பார்த்தார். தலையை ஆட்டினால் அடுத்த ஆள். அத்தை முறை வந்ததும் அவள் கையைத்தான் முதலில் நீட்டினாள். டாக்டர் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய், எல்லாரையும் விலகச் சொன்னார்.

வரிசை அப்படியே பின்வாங்கியது. அப்புறம் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி தாயே என்றாள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் கைகூப்பி நின்றார்கள். ஆத்தா அல்லவா இறங்கியிருக்கிறாள்? அத்தை நடுவில் தனியாக நின்றாள். எல்லாரும் அவளைக் கும்பிட்டார்கள். என்னைத் தவிர ஒருவரும் கிட்ட வரவில்லை. நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள். ஏமாற்று என்று தெரிந்தால் காகிதத்தையே கிழித்துவிடுவார்கள், அப்புறம் எந்தக் கப்பலும் இல்லை என்று அவளுக்குப் பயம். ஆக அம்மைக்காரி என்று அவளையும், கூட வந்தவர்கள் என்று எங்களையும், வேலி போட்ட இன்னொரு கொட்டகையில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

மறுநாள் கப்பல் புறப்படும் நாள். கலியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி வந்து நின்று கும்பிட்டாள். அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"கலியம்மா, அவரு தொறையில நிப்பாரு. வேம்பு சாவல, கரையில இருக்கா, அடுத்த கப்பலுக்கு வந்துருவான்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"சொல்றேன் தாயி. ஆளு எப்புடி இருப்பாரு?"

அத்தை வாயைத் திறந்தாள். நெட்டையாக இருப்பார் என்றாள். சுருட்டை முடி என்றாள். அப்புறம் நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது இருபத்திரண்டு வயசுக் கருப்பண்ணன். அந்த ஆள் இப்போது எங்கேயும் இல்லை.

"நொண்டிக்கிட்டு யாரு வந்தாலும் சொல்லிடு" என்றாள்.

கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். படகில்தான் ஆட்களை ஏற்றிப்போவார்கள். எங்கள் கொட்டகைத் தட்டி இடுக்கில் ஒரு முழம் கடல் தெரிந்தது. அத்தை அதிலேயே கண்ணை வைத்திருந்தாள். மத்தியானம் புகை கிளம்பியது. அந்த ஒரு முழத்தில் கப்பல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர ரொம்ப நேரமாயிற்று. போன பிறகும் அவள் தட்டியை விட்டு வரவில்லை. நான் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பேன். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கஞ்சி கொண்டுவந்த கம்பவுண்டர் வெள்ளைச்சாமி பண்ருட்டிப் பக்கத்துக்காரர். மூன்றாம் நாள் அத்தையின் கையைக் குனிந்து பார்த்தார். கொப்புளத்தின் ஓரம் கறுத்துக் கிடந்தது. அவர் அத்தையைக் கேட்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரு முந்திரி?"

டாக்டர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எலுமிச்சம்பழம், சாணித் தண்ணீர் உட்பட. அவர் கத்தவில்லை. அன்று வரிசையில் நின்றவர்களை எல்லாம் மறுபடி முதலிலிருந்து பார்த்ததாகவும், படகுகள் புறப்படத் தாமதமானதாகவும் சொன்னார்.

"நெஜமா அம்மை உள்ள ஒருத்தி, உன்னை மாதிரி ஒரு புத்திசாலி பேச்சைக் கேட்டு மறைச்சு ஏறியிருந்தா, அந்தக் கப்பல்ல இருந்த குழந்தைங்க என்ன ஆகும்?"

கலியம்மாளின் இரண்டு பிள்ளைகளும் ரயிலில் என் மடியில்தான் தூங்கின.

"அவ சின்னப்புள்ளைங்க ஐயா" என்றாள் அத்தை. "கையி என்னுது."

டாக்டர் அவளுடைய மற்ற கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஊசியைக் கொண்டுவரச் சொல்லி, வலது கையில் நாலு இடத்தில் தானே குத்தினார். எலுமிச்சம்பழம் வேண்டாம், வேப்பிலை வேண்டாம், விபூதியும் வேண்டாம், தொடவே வேண்டாம். பொங்கினால் அடுத்த கப்பலுக்கு வா என்றார். டிக்கெட்டை அதற்கு மாற்றிக்கொள்ள ஒரு துண்டுக் காகிதமும் எழுதிக் கொடுத்தார். அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது.

ஒரு சத்திரத்தில் தங்கினோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். அத்தைக்கு அந்த வலது கையைக் காப்பாற்றுவதுதான் வேலை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். கூட்டத்தில் நடந்தால் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஈ உட்காராமல் விசிறுவது என் பாடு. முந்திரிப் பொரிப்பு உரிந்து முகம் தெளிந்துவிட்டது. ஆனால் குத்தின இடம் ஒன்றும் செய்யாமல் கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். தினம் விடிந்ததும் வெளிச்சத்துக்கு வந்து கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். மாமாவுக்கு ஒரு கடிதம் போடலாமா என்று கேட்டேன். கடிதமும் அதே அடுத்த கப்பலில்தான் போகும் என்றார் அப்பா.

ஏழு நாளில் பினாங்கு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கப்பல் போன ஏழாம் நாள் காலையில் சாப்பிடவில்லை. மத்தியானம், இந்நேரம் எல்லாரும் இறங்கியிருப்பார்களா என்று கேட்டாள். இறங்கியிருப்பார்கள் என்றேன்.

"கடசி ஆளு எறங்குற வரைக்கும் நிப்பாரு" என்றாள்.

கலியம்மாள் கட்டாயம் பார்த்துச் சொல்லியிருப்பாள் என்றேன். நொண்டி நடப்பவர்கள் உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம் பேர்தான் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது அவளுக்குத் தெரியும். அன்று தெரியாதவள்போல இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில், துறையில் நிற்க நிழல் இருக்குமா என்று கேட்டாள். நான் பினாங்கைப் பார்த்தவள்போல, பெரிய கொட்டகை இருக்கிறது, உட்காரப் பலகையும் இருக்கிறது என்றேன். அவள் அதன் பிறகுதான் கஞ்சி குடித்தாள்.

அன்று கையில் சிவப்பு தெரிந்தது. இரண்டு நாள் கழித்து நாலு இடத்திலும் முத்தாக நின்றது, நடுவில் குழி விழுந்து. இது வேறு மாதிரி இருந்தது. என் முந்திரிக்கு இந்த அழகு வராது. காய்ச்சல் அடித்தது. அக்குளில் நெறி கட்டியது. அத்தை காய்ச்சலோடு உட்கார்ந்துகொண்டு, ஊரில் அறுவடையான வீட்டுக்காரி மாதிரி திருப்தியாக இருந்தாள்.

இப்போது தகராறு அப்பாவிடம் வந்தது. இதுவரை பொய், அதனால் அவருக்குக் கவலை இல்லை. இப்போது ஆத்தா நிஜமாகவே வந்துவிட்டாள். ஆத்தா உடம்பில் இருக்கும்போது மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. இவளோ கடலையே தாண்டப் போகிறேன் என்கிறாள். இந்தக் கப்பலையும் விட்டுவிடு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதற்கடுத்ததில் போகலாம் என்று அண்ணன் முறையில் கெஞ்சினார். ஏதாவது ஆனால் வீட்டில் போய் என்ன சொல்வேன் என்றார்.

"ஆத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போறேண்ணே" என்றாள் அத்தை. "அங்கயும் நம்ம சனந்தானே இருக்கு. அவளுக்கு மட்டும் ஆளு வேணாமா?"

அப்பா போய் அவள் மூட்டையைக் கட்டினார்.

அதே கொட்டகை, அதே வரிசை, அதே ஆயா. டாக்டர் அத்தையின் முகத்தைப் பார்த்தார். கண், நாக்கு, கழுத்து பார்த்தார். கடைசியாகக் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். அத்தை மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. அவர் அந்த நாலு முத்தையும் ரொம்ப நேரம் பார்த்தது, என் முந்திரியை நினைத்து, எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. பிறகு சீட்டில் ஏதோ எழுதி, ஒரு முத்திரையை ஓங்கி அடித்தார்.

"இதுதாம்மா அம்மை குத்தினது" என்றார். "போயிட்டு வாங்க."

அத்தை சீட்டை வாங்கி, என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். முன்பக்கமும் வாசித்தேன், பின்பக்கமும் வாசித்தேன். ஒரு குறையும் இல்லை. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கன்னத்தை இடது கையால் ஒரு தடவு தடவினாள். ரேகையில்லாத விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. மாமாவுக்கு ஒரு பொட்டலம் பச்சை முந்திரிக்கொட்டை கொடுத்தனுப்பவா என்றேன். போடி என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவளா நானா என்பது வேண்டாம்.

படகில் இருபது பேருக்கு மேல் ஏற்றினார்கள். அலை படகைத் தூக்கிப் போட்டது. சாரல் எல்லார் மேலும் அடித்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துக் குனிந்துகொண்டார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அந்தக் குனிந்த தலைகளுக்கு நடுவே ஒரு கை மட்டும் நெட்டாக மேலே நின்றது.

அப்பா தோள் துண்டை எடுத்து வீசினார். அவள் கையை இறக்கவே இல்லை, அப்பாவும் நிறுத்தவில்லை. பாரு, எவ்வளவு நேரமா நமக்குக் கை காட்டுறா பாரு என்று சொல்லிச் சொல்லி வீசினார். உப்புத்தண்ணீர் புண்ணில் படக்கூடாதென்று அவள் தூக்கிப் பிடித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அந்தக் கை கப்பலோடு ஒட்டி மறைகிற வரைக்கும் நானும் என் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.